பாட்டு டீச்சர் ஓய்வு பெற்றார், பாட்டு வகுப்பும் போய்விட்டது: யாரும் கேட்க மாட்டோமா?

வாசகர் ஒருவரின் கேள்வி, 14 ஜூன் 2024

அரசுப் பள்ளியில் கணக்குக்கும் அறிவியலுக்குமே ஆள் போதவில்லை. பாட்டு வகுப்பை எடுத்துவிட்டால் என்ன குறைந்துவிடும்? ஆசைப்பட்டவர்கள் வெளியே பணம் கட்டிக் கற்றுக்கொள்ளட்டும். எங்கள் ஊரில் எடுத்துவிட்டார்கள். யாரும் கேட்கவில்லை.

14 ஜூன், இரவு 9.50

நான் கேட்கிறேன்.

எங்கள் ஊர் கரிசல் பக்கம். பெயர் வேண்டாம், பள்ளியின் பெயரும் வேண்டாம். அரசு பெண்கள் உயர்நிலைப் பள்ளி, 212 பிள்ளைகள். என் மகள் எட்டாம் வகுப்பு. 10-ம் தேதி பள்ளி திறந்த அன்று கால அட்டவணையை எழுதிக்கொண்டு வந்தாள். போன வருடம் புதன் ஐந்தாம் பீரியடும் வெள்ளி கடைசிப் பீரியடும் இசை. இந்த வருடம் இரண்டிலும் கணிதம். "பாட்டு எப்போ?" என்று கேட்டேன். "பாட்டு டீச்சர் போயிட்டாங்கல்லம்மா" என்றாள், மழை நின்றுவிட்டது என்று சொல்வதைப் போல.

டீச்சர் மே 31 அன்று ஓய்வு பெற்றார். பிரிவு உபசார விழாவில் நானும் இருந்தேன். சந்தன மாலை போட்டோம், நினைவுப் பரிசு கொடுத்தோம், அழுதோம். அடுத்து யார் வரப்போகிறார் என்று அந்தக் கூட்டத்தில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. நானும்தான். ஆணை இல்லை, சுற்றறிக்கை இல்லை, "இசை வகுப்பு ரத்து" என்று ஒரு வரிகூட எந்தத் தாளிலும் இல்லை. ஆள் போனார், நாற்காலி காலியாக இருக்கிறது, அட்டவணையில் பெயர் மாறிவிட்டது. நீங்கள் சொல்லும் "யாரும் கேட்கவில்லை" இப்படித்தான் நடக்கிறது. எதை எதிர்க்க வேண்டும் என்று நம் கையில் ஒன்றைக் கொடுத்தால்தானே எதிர்ப்போம்?

"வெளியே பணம் கட்டி" என்பதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு மிக அருகில் இருக்கும் பாட்டு வகுப்பு 18 கிலோமீட்டர் தள்ளி, டவுனில். மாதம் 800 ரூபாய். மாலை வகுப்பு முடிந்து பஸ் பிடித்தால் இருட்டிய பிறகுதான் ஊர். இங்கே பாதித் தாய்மார்கள் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிறவர்கள். எந்தத் தாய் அனுப்புவாள்?

15 ஜூன், காலை

கணக்குக்கு ஆள் இல்லை என்ற வாதத்தைப் பற்றி இரவெல்லாம் யோசித்தேன். பாட்டு வகுப்பை எடுத்ததால் எங்கள் பள்ளிக்குப் புதிதாகக் கணக்கு ஆசிரியர் வந்தாரா? வரவில்லை. இருக்கும் அதே கணக்கு டீச்சர்தான் இன்னும் இரண்டு பீரியட் சுமக்கிறார். என் மகளின் வகுப்புக்கு மட்டும் வாரம் ஏழு இருந்தது, ஒன்பது ஆகியிருக்கிறது. நேற்று கடைவீதியில் பார்த்தேன். "எனக்குத் தொண்டையும் இல்லை, பிள்ளைகளுக்குக் காதும் இல்லை, வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில்" என்றார். இதில் கணக்குக்கு என்ன லாபம் கிடைத்தது என்று கேள்வி கேட்டவர் சொல்ல வேண்டும்.

19 ஜூன்

அந்தப் பாட்டு வகுப்பில் அப்படி என்னதான் நடந்தது என்று இந்த இணைய இழையில் ஒருவர் கேட்டிருந்தார். நான் அதே பள்ளியில் 1996 முதல் 2001 வரை படித்தவள். டீச்சர் 1997-ல் வந்தார். எனக்கும் அவர்தான், என் மகளுக்கும் அவர்தான்.

இசைக்குத் தனி அறை கிடையாது. மாடிப்படிக்குக் கீழே தாழ்வாரத்தில் பாய் விரிப்போம். ஒரு ஹார்மோனியம், ஒரு சுருதிப் பெட்டி. ஐந்தரைக் கட்டை சுருதி, பெண் குரலுக்கு ஏற்ற உயரம். மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை என்ற தொடக்கப் பாடம், அதன் பிறகு ஜண்டை, அலங்காரம். மூன்று காலத்திலும், அதாவது மூன்று வேகத்திலும், பாட வேண்டும். மூன்றாம் காலத்தில் யாராவது சிதறிவிட்டால் எல்லோரும் நிறுத்தி முதலிலிருந்து. பாட வராதவர்கள் என்று அவர் யாரையும் ஒதுக்கியதில்லை. என் குரல் மேல் ஸட்ஜத்துக்கு ஏறவே ஏறாது. என்னைத் தாளம் போட வைத்தார். ஒரு வருடம் முழுவதும் ஆதி தாளம் போட்டேன், ஒருநாள்கூடச் சலித்ததில்லை.

மாதக் கடைசி வெள்ளியன்று வீட்டுப் பாட்டு. அவரவர் பாட்டியிடமோ அத்தையிடமோ கேட்டு ஒரு பாட்டைக் கொண்டுவர வேண்டும். தாலாட்டு, கும்மி, களையெடுக்கும்போது பாடுவது, எதுவானாலும் சரி. அதை டீச்சர் ஹார்மோனியத்தில் பிடித்து, ஸ்வரம் எழுதிக் காட்டுவார். "உங்க ஆச்சிக்கு இது என்ன ராகம்னு தெரியாது. ஆனா சரியாப் பாடியிருக்காங்க" என்பார். என் ஆச்சியின் பாட்டு கரும்பலகையில் ஸ்வரமாக எழுதப்பட்ட நாளை நான் இன்னும் மறக்கவில்லை. வீட்டுக்குப் போய் அவளிடம் சொன்னபோது அவள் நம்பவில்லை. "களைக்காட்டுப் பாட்டை எதுக்கு பள்ளிக்கூடத்துல எழுதுறாக?" என்று மட்டும் கேட்டாள். பிறகு அன்று இரவு அவளாகவே இன்னும் நான்கு பாட்டு பாடிக் காட்டினாள்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். பள்ளிகளில் சாதி மோதல் பற்றி ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையிலான குழு நேற்றுதான் முதலமைச்சரிடம் அறிக்கை கொடுத்திருக்கிறது. போன ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனை உடன் படித்தவர்களே சாதியின் பெயரால் வெட்டியதற்குப் பிறகு அமைத்த குழு. சாதியைக் காட்ட மாணவர்கள் கையில் கட்டும் வண்ணக் கயிறு பற்றியெல்லாம் செய்தியில் வந்தது. எங்கள் பள்ளியில் அந்த அளவுக்கு இல்லை, ஆனால் இல்லவே இல்லை என்று சொன்னால் பொய். சாப்பாட்டு நேரத்தில் எந்தத் தெருப் பிள்ளை எந்தத் தெருப் பிள்ளையோடு உட்காரும் என்பது எனக்கு அப்போதும் தெரியும், இப்போதும் தெரியும். சுருதிப் பெட்டி ஒன்றே ஒன்று, சத்தமும் குறைவு. கேட்க வேண்டுமென்றால் நெருங்கி உட்கார வேண்டும், முழங்காலோடு முழங்கால் இடிக்கும். டீச்சர் இதற்காக எந்த உபதேசமும் செய்ததில்லை. இடம் பார்த்து உட்கார நேரம் கொடுத்ததில்லை, அவ்வளவுதான்.

23 ஜூன்

ஞாயிற்றுக்கிழமை. பழைய செய்தித்தாள்களோடு உட்கார்ந்தேன். நான் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறவள், எண்ணைப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது.

2017-ல் ஆசிரியர் தேர்வு வாரியம் சிறப்பாசிரியர் பணிக்குத் தேர்வு நடத்தியது. மொத்தம் 1,325 இடம். உடற்கல்வி 663, ஓவியம் 327, தையல் 249. இசைக்கு 86. தமிழ்நாடு முழுவதற்கும் 86 பாட்டு டீச்சர்.

அதற்கு முன்பு 2012-ல் 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள். உடற்கல்வி, ஓவியம், தையல், இசை, கணினி, தோட்டக்கலை எல்லாம் அதில் அடக்கம். வாரத்துக்கு மூன்று அரை நாள். சம்பளம் 5,000 ரூபாய். அது 10,000 ஆவதற்கு 2021 வரை காத்திருந்தார்கள். மே மாதம் பள்ளி இல்லை, சம்பளமும் இல்லை. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் சென்னையில் உட்காராத வருடம் இல்லை. ஹையர் கிரேடு என்ற அரசுத் தேர்வு முடித்து, டி.டி.சி. என்ற ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழும் முடித்து, பத்து வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர்களை மே மாதம் என்ன சாப்பிடச் சொல்கிறோம்?

கல்வி உரிமைச் சட்டம் 2009 இருக்கிறது. அதன்படி ஆறு முதல் எட்டு வரை 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் இசை ஆசிரியர் இருந்தே ஆக வேண்டும். சட்டம் நம் பக்கம்.

24 ஜூன்

மேலே கடைசிப் பத்தியில் எழுதியது தவறு. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா ஒருவர் இங்கேயே திருத்தினார். சட்டத்தின் அட்டவணை "கலைக் கல்வி" என்றுதான் சொல்கிறது, அதற்கும் பகுதிநேரப் பயிற்றுநர் போதும். ஓவிய ஆசிரியர் ஒருவர் இருந்தால் கலைக் கல்வி என்ற கட்டம் நிரம்பிவிடும். எங்கள் பள்ளியில் ஓவிய ஆசிரியர் இருக்கிறார். அப்படியானால் சட்டப்படி எந்தக் குறையும் இல்லை.

சட்டத்தை முழுதாகப் படிக்காமல் "நம் பக்கம்" என்று எழுதியிருக்கக் கூடாது. இதை வைத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போயிருந்தால் அங்கேயே வாயை அடைத்திருப்பார்கள். ஐயாவுக்கு நன்றி.

ஆனால் ஓவியமும் இசையும் எப்படி ஒன்றாகும்? தமிழ் ஆசிரியர் இருப்பதால் ஆங்கில ஆசிரியர் வேண்டாம் என்று யாராவது சொல்வார்களா? 2005-ம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டக் கட்டமைப்பு, அதாவது பள்ளிப் பாடத்திட்டத்துக்கான வழிகாட்டி, இசை, நடனம், நாடகம், ஓவியம் என்று நான்கையும் தனித்தனியாகச் சொல்லி, பத்தாம் வகுப்பு வரை கலை கட்டாயம் இருக்க வேண்டும் என்றது. அதைப் பரிந்துரையாகவே வைத்துவிட்டார்கள்.

25 ஜூன்

இன்னொரு திருத்தம், சிறியது. 86 என்பது 2017-ல் நிரப்ப வந்த இடங்கள். மாநிலத்தில் இருக்கும் மொத்த இசை ஆசிரியர்களின் எண்ணிக்கை அல்ல. நான் எழுதிய விதம் அப்படி ஒரு எண்ணத்தைக் கொடுத்துவிட்டது.

6 ஜூலை

நேற்று பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம். மாதத்தின் முதல் வெள்ளி. குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும் என்பது சட்டம். இருக்கிறார்கள். வழக்கமாகக் குடிநீர்த் தொட்டி, கழிப்பறைக் கதவு, சுற்றுச்சுவர், அத்தோடு கையெழுத்துப் போட்டு எழுந்துவிடுவோம். நேற்று நான் பாட்டு வகுப்பைப் பற்றிப் பேச வேண்டும் என்றேன்.

முதலில் பேசியவர் ஒரு தகப்பனார், லாரி ஓட்டுகிறார். "என் மகள் கணக்கில் 31 மார்க். அவளுக்குப் பாட்டு எதற்கு?" நான் பதில் சொல்லத் திணறினேன். உண்மையிலேயே திணறினேன். 31 மார்க் எடுக்கும் பிள்ளையின் தகப்பனுக்குள் இருக்கும் பயத்தை நான் என்ன சொல்லி மாற்றுவது? பாட்டுப் படித்தால் கணக்கு நன்றாக வரும் என்று சிலர் சொல்வார்கள். அதை நான் சொல்ல விரும்பவில்லை. கணக்குக்கு உதவும் என்பதற்காகத்தான் பாட்டு வேண்டும் என்றால், நாளைக்குக் கணக்குக்கு உதவும் இன்னொன்று வந்ததும் பாட்டைத் தூக்கிவிடலாம்.

எனக்காகப் பதில் சொன்னது குழுத் தலைவி. தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்ப்பவர், ஐந்தாம் வகுப்போடு நின்றவர். "அண்ணே, என் பிள்ளை வாரத்துல ரெண்டு நாள்தான் பள்ளிக்கூடத்துக்குச் சிரிச்சுக்கிட்டுப் போகும். புதனும் வெள்ளியும். இப்போ அந்த ரெண்டு நாளும் இல்ல." அந்த அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, தீர்மானத்துக்கு எதிராக நிற்க மாட்டேன் என்றார். ஆனால் கணக்குக்கும் மாலையில் தனி வகுப்பு கேட்க வேண்டும் என்றார். நியாயம். இரண்டையும் தீர்மானத்தில் எழுதினோம். கையெழுத்து 17.

தலைமையாசிரியை எதிர்க்கவில்லை. "என் கையில் இல்லம்மா, மேலே எழுதுகிறேன்" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

8-ம் தேதி தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மனு அனுப்பப் போகிறேன். 10 ரூபாய் நீதிமன்ற வில்லை வாங்கி வைத்தாகிவிட்டது. நான்கே கேள்வி: இசை ஆசிரியர் பணியிடம் இருக்கிறதா, ரத்தாகியிருந்தால் ஆணையின் நகல் எங்கே, காலி என்றால் எப்போது நிரப்புவீர்கள், அதுவரை வகுப்புக்கு என்ன ஏற்பாடு.

14 ஜூலை

மனு போன தெம்பில் எழுதுகிறேன். நியூயார்க்கில் கிழக்கு ஹார்லம் என்றொரு பகுதி, ஏழை மக்கள் வாழும் இடம். 1975-ல் அந்த நகரம் கடனில் மூழ்கியபோது ஆயிரக்கணக்கில் ஆசிரியர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். கலை, இசை ஆசிரியர்கள் முதல் வரிசையில் போனார்கள். சில வருடம் கழித்து ராபர்ட்டா குவாஸ்பாரி என்ற அம்மா, கிரேக்க நாட்டில் தான் வாங்கி வைத்திருந்த 50 வயலின்களோடு அங்கே போய்ச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். சேர விரும்பிய பிள்ளைகள் அதிகம், குலுக்கல் போட்டுத்தான் எடுத்தார்கள். 1991-ல் பணம் இல்லை என்று அதையும் நிறுத்தினார்கள். பெற்றோர் விடவில்லை. பணம் திரட்டினார்கள், ஓபஸ் 118 என்று அமைப்பு வைத்தார்கள். 1993-ல் நியூயார்க்கின் புகழ்பெற்ற கச்சேரி அரங்கான கார்னகி ஹாலில் கச்சேரி. ஐசக் ஸ்டெர்ன், இட்சாக் பெர்ல்மன் போன்ற வயலின் மேதைகள் அந்தப் பிள்ளைகளோடு மேடை ஏறினார்கள். வகுப்பு பிழைத்தது.

படித்ததிலிருந்து கை பரபரக்கிறது. 212 பிள்ளைகள், வீட்டுக்கு மாதம் 50 ரூபாய் போட்டால் 10,600. பகுதிநேர ஆசிரியர் ஒருவருக்குக் கொடுத்துவிடலாம். பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் வழியாக வைத்துக்கொள்ளலாம். ஏன் மேலே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்? அடுத்த வெள்ளியன்று பேசப் போகிறேன்.

16 ஜூலை

முந்தின குறிப்பில் சொன்ன 50 ரூபாய் யோசனையைத் திரும்பப் பெறுகிறேன். பேசப்போவதில்லை.

இரண்டு பேர் மனத்தை மாற்றினார்கள். ஒருவர் குழுத் தலைவி. "அக்கா, ஒரு வீட்டுல ரெண்டு பிள்ளை படிச்சா நூறு ரூபா. கட்ட முடியாத பிள்ளைய பாய்ல உக்காரவிடாம அனுப்புவீங்களா?" அனுப்ப மாட்டோம் என்றேன். "அந்தப் பிள்ளையே வராதுக்கா" என்றார்.

இன்னொருவர் ஸ்காட்லாந்திலிருந்து இங்கே எழுதும் தம்பி. அங்கே 32 உள்ளாட்சி மன்றங்கள். பள்ளியில் வாத்தியம் கற்பதற்கு ஒவ்வொன்றும் தன் இஷ்டப்படி கட்டணம் வைத்தன. சில இடங்களில் இலவசம், சில இடங்களில் ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான பவுண்டு. மேற்கு லோதியனில் இலவசமாக இருந்ததை 2018-ல் கட்டணமாக்கியபோது பெற்றோரும் பிள்ளைகளும் வாத்தியங்களோடு வீதிக்கு வந்தார்கள். நிக்கோலா பெனடெட்டி போன்ற வயலின் கலைஞர்கள் வெளிப்படையாக எதிர்த்தார்கள். 2019-ல் நாடாளுமன்றக் கல்விக் குழுவே இது இலவசமாக இருக்க வேண்டும் என்று எழுதியது. 2021-ல் அரசு பணம் கொடுத்து எல்லா இடத்திலும் கட்டணத்தை நீக்கியது. "அக்கா, அவர்கள் தாங்களே பணம் போட்டு ஆசிரியர் வைத்திருந்தால் மன்றம் நிம்மதியாகத் தூங்கியிருக்கும்" என்றார் தம்பி.

கிழக்கு ஹார்லம் தாய்மார்களைக் குறைத்துப் பேச நான் யார்? கண்ணெதிரே வகுப்பு சாகும்போது அவர்கள் செய்ததைத்தான் எந்தத் தாயும் செய்வாள். ஆனால் நன்கொடையை நம்பிப் பிழைத்தது அது. எங்களுக்கு கார்னகி ஹால் இல்லை. நாங்கள் மாதம் 10,600 ரூபாய் போட்டுவிட்டால், "அங்கே வகுப்பு நடக்கிறதே, ஆள் எதற்கு?" என்று அந்தப் பணியிடத்தை எழுதி முடித்துவிடுவார்கள்.

ஸ்காட்லாந்தில் மன்றம் கூடி வாக்கெடுத்தது. ஆகவே வாசலில் போய் வாசிக்க முடிந்தது. எங்களுக்கு எந்த வாசல் என்றே தெரியவில்லை. முதல் நாள் எழுதியதற்கே மறுபடியும் வந்து நிற்கிறேன்.

3 ஆகஸ்ட்

நெல்லை அண்ணாச்சி ஒருவர் கடுமையாக எழுதியிருக்கிறார். "நான் ஆண்கள் பள்ளியில் படித்தவன். எங்களுக்குப் பாட்டு வாத்தியார் என்று ஒருவர் இருந்ததே இல்லை. இல்லாத ஒன்றுக்காக நாங்கள் அழவில்லையே."

இரண்டு நாள் பதில் எழுதாமல் இருந்தேன். அவர் சொல்வது மெய்தான். இசையும் தையலும் பெரும்பாலும் பெண்கள் பள்ளிக்கே கொடுத்த இடங்கள். பெண் பிள்ளைக்குப் பாடத் தெரிந்தால் பெண் பார்க்க வரும்போது உதவும் என்ற பழைய நினைப்பில் வந்தவையாகவும் இருக்கலாம். என் தம்பி பக்கத்து ஆண்கள் பள்ளியில் படித்தான். அருமையான குரல் அவனுக்கு. ஊர்த் திருவிழாவில் வில்லுப்பாட்டுக் குழுவோடு ஒத்துப் பாடியதோடு சரி. யாரும் அவனுக்கு ஒரு சரளி வரிசை சொல்லிக்கொடுக்கவில்லை. அவன் வீட்டில் என் பாட்டு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, என்னிடம் கேட்கக் கூச்சப்பட்டு, மூடி வைத்துவிடுவான். அண்ணாச்சி எழுதிய பிறகுதான் இது என் ஞாபகத்துக்கே வந்தது.

ஆக, எங்கள் பள்ளி இசை வகுப்பைக் காப்பாற்றுங்கள் என்று நான் எழுதுவது பாதி நியாயம்தான். ஆனால் அண்ணாச்சி, உங்களுக்குக் கிடைக்காததால் என் மகளுக்கும் வேண்டாம் என்று நீங்கள் சொல்ல மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

பின்குறிப்பு: மாவட்ட இசைப் பள்ளிக்கு அனுப்பலாமே என்று ஒருவர். கலை பண்பாட்டுத் துறை நடத்தும் 17 பள்ளிகள் இருக்கின்றன. குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், வயலின், மிருதங்கம், பரதம் எல்லாம் நன்றாகவே நடக்கின்றன. ஆனால் அது மூன்று வருட முழுநேரப் படிப்பு. இசையையே தொழிலாகக் கொள்ள நினைப்பவர்களுக்கு. தாழ்வாரத்தில் பாய் விரித்துப் பாட நினைக்கும் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அல்ல.

10 ஆகஸ்ட்

தகவல் மனுவுக்குப் பதில் வந்துவிட்டது. ஒரே பக்கம்.

இசை ஆசிரியர் பணியிடம்: 1. பணிபுரிபவர்: இல்லை. ரத்து ஆணை: ஏதுமில்லை. நிரப்புவது குறித்த விவரம்: இவ்வலுவலகத்தில் இல்லை. மாற்று ஏற்பாடு: தலைமையாசிரியரைக் கேட்டுக்கொள்ளவும்.

மூன்றாவது வரியை நான்கு முறை படித்தேன். பணியிடம் உயிரோடு இருக்கிறது! யாரும் அதை ரத்து செய்யவில்லை. இரண்டு மாதமாக ஊரே "பாட்டு வகுப்பை எடுத்துவிட்டார்கள்" என்று பேசியது. நானும் அப்படித்தான் எழுதினேன், இந்த இழையின் தலைப்பும் அதுதான். எடுக்கவில்லை. நிரப்பவில்லை.

முன்பு என்னைத் திருத்திய தலைமையாசிரியர் ஐயா ஒரு எச்சரிக்கை கொடுத்தார். ஆகஸ்ட் 1 நிலவரப்படி பணியாளர் நிர்ணயம், அதாவது எந்தப் பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்ற கணக்கெடுப்பு, நடக்கும். ஆள் இல்லாத இடத்தை "ஆசிரியரின்றி உபரி" என்று காட்டி, பொதுத் தொகுப்பில் ஒப்படைத்துவிட்டால் பிறகு எங்கள் பள்ளியின் பெயரில் அந்த இடமே இருக்காது. ஆகவே "எங்களுக்கு இந்த இடம் தேவை" என்று எழுத்தில், தேதியோடு, ஒப்புகையோடு போக வேண்டும். திங்கட்கிழமை சங்கத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு நானும் தலைவியும் போகிறோம்.

15 ஆகஸ்ட், இரவு

இன்று கிராம சபை. 120 பேருக்கு மேல் வந்திருந்தார்கள்.

தொடக்கத்தில் ஒலிபெருக்கியில் தமிழ்த்தாய் வாழ்த்தைப் போடப் போனார்கள். நான் எழுந்து ஒரு நிமிடம் கேட்டேன். 2021 டிசம்பரில் அதை மாநிலப் பாடலாக அறிவித்த அரசாணையிலேயே, ஒலித்தட்டைத் தவிர்த்துப் பயிற்சி பெற்றவர்களைக் கொண்டு பாட வேண்டும் என்று இருக்கிறது. மோகன ராகம், 55 விநாடி. எங்கள் பிள்ளைகள் பாடட்டும் என்றேன். எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஏழு பேர் முன்னால் வந்தார்கள். சுருதிப் பெட்டியைத் தலைமையாசிரியை கொடுத்தனுப்பியிருந்தார். பாடினார்கள். "தெக்கணமும் அதிற்சிறந்த" என்ற இடத்தில் ஒரு பிள்ளை சற்று முந்திவிட்டது, அடுத்த வரியில் சேர்ந்துகொண்டது.

முடிந்ததும் நான் கேட்டது ஒன்றுதான். இந்த ஏழு பேரும் போன வருடம் வரை கற்றவர்கள். இப்போது ஆறாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளுக்கு யார் சொல்லிக்கொடுப்பது? அரசாணை சொல்லும் "பயிற்சி" எங்கிருந்து வரும்?

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. முன்மொழிந்தவர் லாரி ஓட்டும் அந்த அண்ணன்.

7 செப்டம்பர்

கலைத் திருவிழா முதல் சுற்று முடிந்தது. 2022-லிருந்து நடக்கிறது. நல்ல திட்டம், நான் மனமாரச் சொல்கிறேன். மாநில அளவில் வெல்பவர்களுக்குக் கலையரசன், கலையரசி பட்டம். தீப்பெட்டி ஆபீஸ் தாயின் பிள்ளை மேடை ஏறுகிறது.

ஆனால் எங்கள் பள்ளியில் குரலிசைக்குப் பெயர் கொடுத்த பிள்ளைகள் செல்பேசியில் சுருதி வைத்துப் பழகினார்கள். ஆண்கள் பாடிய பாட்டைக் கேட்டு அதே கட்டையில் முயன்று, தொண்டை கட்டி, இரண்டு பேர் விலகிவிட்டார்கள். டீச்சர் இருந்திருந்தால் முதல் நிமிடத்தில் "உன் சுருதி இது இல்லை" என்று சொல்லியிருப்பார். ஓய்வு பெற்ற டீச்சரே இரண்டு சனிக்கிழமை வந்து உட்கார்ந்தார், பஸ் செலவுக்குக்கூட வாங்க மறுத்துவிட்டார். அவரிடம் இப்படி வாங்கிக்கொள்வதற்கு எங்களுக்கு உரிமை இல்லை. 27 வருடம் கொடுத்தவர்.

பரிசு வைக்கிறீர்கள், மேடை போடுகிறீர்கள். வருடம் முழுவதும் வாரம் இரண்டு பீரியட் சொல்லிக்கொடுக்க ஒரு ஆளையும் வையுங்கள்.

8 செப்டம்பர்

"கலைத் திருவிழாவைக் குறை சொல்கிறீர்களா?" என்று கேட்டவருக்கு: இல்லை. நேற்று எழுதியதை மறுபடி படியுங்கள்.

28 செப்டம்பர்

செய்தி இருக்கிறது. முழு மகிழ்ச்சி இல்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

பக்கத்து ஊர்ப் பள்ளியின் பகுதிநேர இசை ஆசிரியைக்கு மாற்றுப்பணி ஆணை கொடுத்திருக்கிறார்கள். வாரம் ஒரு நாள், வியாழன், எங்கள் பள்ளியில். ஆறு, ஏழு, எட்டுக்கு ஆளுக்கு ஒரு பீரியட். ஒன்பது, பத்துக்கு இல்லை. கூடுதல் சம்பளம் இல்லை. பஸ் செலவு அவருடையது.

முதல் வியாழன் மாலை அவரைப் பஸ் நிறுத்தத்தில் பார்த்தேன். "உங்க பள்ளிக்கூடத்துக்கு வர்றதால என் பள்ளிக்கூடத்துல ஒரு அரை நாள் போச்சுங்க" என்றார், கோபம் இல்லாமல். எனக்குத் தொண்டை அடைத்தது. நான் போட்ட மனுக்கள் இன்னொரு ஊர்ப் பிள்ளைகளிடமிருந்து ஒரு அரை நாளைப் பிடுங்கி வந்திருக்கின்றன. அந்த ஊர்க் குழுத் தலைவியின் எண்ணை அவரிடமே வாங்கினேன். இரவே பேசினேன். அவர்களும் தீர்மானம் போடுகிறார்கள். இரண்டு ஊரும் சேர்ந்து ஒரே மனுவாகக் கொடுக்கிறோம்: இரண்டு பள்ளி, இரண்டு முழுநேர இசை ஆசிரியர்.

முதல் கேள்வியைக் கேட்டவர் மூன்று மாதம் கழித்து நேற்று எழுதியிருக்கிறார். அவருடைய ஊர்ப் பள்ளியிலும் பணியிடம் ரத்தாகவில்லையாம், 2019-லிருந்து காலியாகக் கிடக்கிறதாம். மனு எப்படி எழுதுவது என்று கேட்டிருக்கிறார். ஐயா, வெள்ளைத் தாள் போதும். 10 ரூபாய் வில்லை ஒட்டுங்கள், பொதுத் தகவல் அலுவலருக்கு என்று முகவரி எழுதுங்கள், ஒப்புகை கிடைக்கும்படி தபாலில் அனுப்புங்கள். முதல் கேள்வியாக "ரத்து ஆணையின் நகல்" என்று கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வந்ததும் இங்கே எழுதுங்கள், அடுத்த வெள்ளி எங்கள் கூட்டத்தில் வாசிக்கிறேன்.